நல்ல குழுவே முதல் மூலதனம்

புதிதாக ஒரு வியாபாரம் தொடங்கப் போவதாக யாராவது சொன்னால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "கையில் எவ்வளவு காசு இருக்கிறது?" என்பதுதான். அடுத்த கேள்வி, "கடை எங்கே போடப் போகிறீர்கள்?" என்பது. "யாரோடு சேர்ந்து செய்யப் போகிறீர்கள்?" என்ற கேள்வி கடைசியாகவே வரும். சில வேளைகளில் வராமலே போய்விடும். ஆனால் இடைநடுவில் நின்றுபோன வியாபாரங்களைப் பற்றிப் பெரியவர்கள் கதைக்கும்போது சற்றுக் கவனித்துக் கேளுங்கள். காசு முடிந்துபோன கதையோடு, கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போன கதையும் அதில் இருக்கும்.

நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை என்று நான்கு உற்பத்திக் காரணிகளை நாம் படிக்கிறோம். இவற்றில் உழைப்பும் முயற்சியாண்மையும் மனிதர்களிடமிருந்தே வருகின்றன. மற்ற இரண்டையும் பயன்படுத்துவதும் வீணாக்குவதும் மனிதர்களே. எனவே ஒரு புதிய வியாபாரத்துக்குப் பலமான குழுவை எவ்வாறு அமைப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

குழு என்றால் என்ன?

பஸ் தரிப்பிடத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் அதை நாம் குழு என்று சொல்வதில்லை. அது ஒரு கூட்டம் மட்டுமே.

எமது பாடசாலை வலைப்பந்து அணியைப் பாருங்கள். களத்தில் நிற்பவர்கள் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அவரவர் எல்லை எதுவென்று அவரவருக்குத் தெரியும். கோல் ஷூட்டரும் கோல் அட்டாக்கும் மட்டுமே கோல் போடலாம். மற்ற ஐவரும் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் பந்தை அவர்களிடம் சேர்ப்பதும் எதிரணியைத் தடுப்பதுமே அவர்களுடைய வேலை. கோல் போட முடியாதவர் அணியில் குறைந்தவர் என்று எவரும் நினைப்பதில்லை.

வியாபாரக் குழுவும் இப்படித்தான். எல்லோருக்கும் பொதுவான ஓர் இலக்கு, ஒவ்வொருவருக்கும் தெளிவான ஒரு வேலை, எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதிகள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது குழு. நண்பிகள் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் மட்டும் குழு அமைந்துவிடாது.

யாரைச் சேர்ப்பது?

ஸூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரை அடைந்த சம்பவம் வருகிறது. தமது ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்ட முடியாமல் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களுக்கு அவர்கள் உதவி செய்கிறார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர், அவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும்படி தமது தந்தைக்கு ஆலோசனை கூறுகிறார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று வேலை செய்யும் பலம், மற்றையது நம்பகத்தன்மை.

ஆள் தெரிவு செய்வது பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதைச் சொன்னவர் ஒரு பெண் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. திறமை மட்டும் இருந்து நம்பிக்கை இல்லாவிட்டால் கல்லாப் பெட்டிக்குக் காவல் போட வேண்டும். நம்பிக்கை மட்டும் இருந்து திறமை இல்லாவிட்டால் பொருள் பழுதாகும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அன்னை கதீஜா (ரழி) அவர்களும் இதையே செய்தார்கள். மக்காவில் பெரும் வர்த்தகராக இருந்த அவர்கள், தமது பொருட்களை மற்றவர்களிடம் கொடுத்து வியாபாரம் செய்வித்தார்கள். நபி (ஸல்) அவர்களுடைய நேர்மையைக் கேள்விப்பட்டே ஷாம் தேசத்துக்குச் செல்லும் வர்த்தகப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். தமது பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பினார்கள். மூலதனம் ஒருவரிடமிருந்து, உழைப்பு இன்னொருவரிடமிருந்து என்ற இந்த முறையையே இஸ்லாமிய வர்த்தகத்தில் முழாரபா என்கிறோம். இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நட்டம் வந்தால் முதலைக் கொடுத்தவர் முதலை இழப்பார். உழைத்தவர் தமது உழைப்பை இழப்பார்.

திறமை, நம்பிக்கை ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். அது வேறுபாடு. ஒரே திறமை உள்ளவர்களை மட்டும் சேர்த்தால் ஒரு வேலையைச் செய்யப் பலர் இருப்பார்கள், மற்ற வேலைகளுக்கு எவரும் இருக்க மாட்டார்கள். இதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

மூன்று சமையற்காரிகள்

2022 இல் மாவும் கேஸும் எட்டாத விலைக்குப் போனபோது வாப்பாவின் வருமானம் வீட்டுக்குப் போதவில்லை. உம்மாவும் சாச்சியும் பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்து ரோல்ஸ், கட்லட், சமோசா செய்து அருகிலுள்ள கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். மூவரும் கைதேர்ந்த சமையற்காரிகள். சுபஹுக்குப் பின் மூவரும் எங்கள் குசினியில்தான் நிற்பார்கள். ஆனால் கடைகளில் நிலுவையை வசூலிக்க ஆள் இல்லை. எத்தனை போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எழுதவும் ஆள் இல்லை.

அடுத்த நோன்பு மாதத்தில் ஓடர்கள் பல மடங்காகின. பெருநாள் முடிந்து காசை எண்ணியபோதுதான் கஷ்டம் தெரிந்தது. பிறீசர் சாச்சியின் வீட்டில் ஓடியது, மின்கட்டணம் அவருக்கு வந்தது. கேஸ் எங்களுடையது. அதிகமாக உருட்டியது மாமியின் கை. தனக்கு எவ்வளவு வரவேண்டும் என்று ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒருவரும் அதை வெளியே சொல்லவில்லை. சண்டை ஏதும் வரவில்லை. ஆனால் சாச்சி எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது.

இதைக் கண்ட வாப்பும்மா ஒரு நாள் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கணக்க வாயால பேசிக்கோங்க புள்ள. பேசாம வெச்சா கல்பு கசக்கும்" என்றார். அன்றிரவு இஷாவுக்குப் பின் மூவரும் பேசினார்கள். நான் கணக்கீடு படிப்பதால் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதும் வேலை எனக்கு வந்தது.

முதலில் வேலைகளைப் பிரித்தார்கள். குசினிக்கு மாமி பொறுப்பு. சாமான் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் உம்மா. சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த சாச்சி, ஓடர் எடுத்துக் கடைகளில் காசு வசூலிப்பார். பிறகு காசைப் பற்றி முடிவெடுத்தார்கள். மின்கட்டணமும் கேஸும் செலவில் சேரும். உருட்டிய எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கொடுக்கப்படும். அதற்குப் பின் மிஞ்சுவதில் கால்வாசி சேமிப்பு, மீதி மூன்று சம பங்கு. உதாரணமாக, ஒரு மாதம் 24,000 ரூபாய் மிஞ்சினால் 6,000 ரூபாய் சேமிப்புக்குப் போகும். மீதி 18,000 ரூபாயில் ஆளுக்கு 6,000 ரூபாய் கிடைக்கும்.

அந்த வியாபாரம் இன்றும் நடக்கிறது. எனது வகுப்புக் கட்டணம் அதிலிருந்தே போகிறது. சாச்சியும் முன்புபோல் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

ஏழு பெண்களும் எண்பது ரூபாயும்

இவ்வாறான சிறிய குழுவொன்று எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்கு இந்தியாவின் லிஜ்ஜத் பப்படம் நல்ல உதாரணம். 1959 மார்ச் 15 ஆம் திகதி, மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் தாம் வசித்த கட்டடத்தின் மொட்டை மாடியில் பப்படம் செய்யத் தொடங்கினார்கள். முதல், கடனாகப் பெற்ற 80 ரூபாய். முதல் நாள் உற்பத்தி, நான்கு பக்கெட்டுகள். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று அந்நிறுவனத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கத்தவர்களாக உள்ளனர்.

அவர்கள் இவ்வளவு வளர்ந்ததற்கு அவர்கள் தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட விதிகளே பெரிதும் உதவின.

முதலாவது, எல்லோரும் உரிமையாளர்கள். அங்கத்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைக்கிறார்கள். இலாபத்திலும் நட்டத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. தன்னுடையது என்ற எண்ணம் இருப்பதால் வேலையில் அக்கறை வருகிறது.

இரண்டாவது, ஒரே தரம். ஆரம்பத்தில் அவர்கள் நல்ல பப்படத்தோடு, குறைந்த விலைக்கு விற்பதற்காகத் தரம் குறைந்த ஒன்றையும் செய்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பரேக் என்ற சமூக சேவையாளர், ஒரே தரத்தில் மட்டும் செய்யும்படியும், தரத்தில் ஒருபோதும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றும், கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும்படியும் அறிவுறுத்தினார். பல கைகள் சேர்ந்து செய்யும் பொருள் ஒரே கை செய்தது போல் இருக்க வேண்டுமானால், எது நல்லது என்பதை எல்லோரும் ஒன்றாகத் தீர்மானித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டுச் சூழலுக்கு ஏற்ற வேலை முறை. மாவை நிலையத்தில் பிசைகிறார்கள். பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டு சென்று, உருட்டிக் காயவைத்து, மறுநாள் ஒப்படைக்கிறார்கள். தரம் பார்த்து, நிறுத்து, கூலி கொடுக்கப்படுகிறது. குழந்தைகளை விட்டு வெளியே போக முடியாத தாய்மாரும் இதனால் குழுவில் சேர முடிந்தது. குழு உறுப்பினரின் வாழ்க்கைக்கு ஏற்ப வேலையை அமைத்தால் நல்ல உழைப்பாளிகள் கிடைப்பார்கள் என்பது இதிலுள்ள பாடம்.

முதல் ஆண்டில் மழைக் காலத்தில் பப்படத்தைக் காயவைக்க முடியாமல் நான்கு மாதங்கள் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலில் பப்படத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். பலமான குழுவுக்கும் தடை வரும். அது அடுத்த முறைக்கு வழி தேடி வைக்கும்.

எழுதி வைப்பது சந்தேகமல்ல

"எங்களுக்குள் என்ன எழுத்து?" என்று கேட்பது எமது சமூகத்தில் வழக்கம். எழுதச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சலிக்க வேண்டாம் என்றும் அதில் கற்பிக்கப்படுகிறது.

நாட்டின் சட்டமும் இதைச் சொல்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனமுள்ள பங்குடைமைக்கு எழுத்திலான உடன்படிக்கை வேண்டும். உடன்படிக்கை இல்லாதபோது 1890 ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டத்தின் ஏற்பாடுகள் பொருந்தும். அதன்படி இலாப நட்டங்கள் சமமாகப் பிரிக்கப்படும். பங்காளருக்குச் சம்பளம் இல்லை. மூலதனத்துக்கு வட்டி இல்லை. மூலதனத்துக்கு மேலாகப் பங்காளர் கொடுத்த கடனுக்கு 5% வட்டி உண்டு.

இதை ஒரு உதாரணத்தால் பார்ப்போம். ஒருவர் ஒரு இலட்சம் ரூபாய் போடுகிறார். மற்றவர் காசு போடாமல் காலை முதல் இரவு வரை கடையில் நிற்கிறார். எதையும் எழுதவில்லை. சட்டப்படி இருவருக்கும் சம பங்கு. காசு போட்டவருக்கும் மனக்குறை, சம்பளமின்றி உழைத்தவருக்கும் மனக்குறை. வட்டியைத் தவிர்க்க விரும்பும் எம் போன்றோர், கடன் பற்றிய விதியையும் தாமே பேசி எழுதிக்கொள்வது இன்னும் அவசியம்.

எனவே தொடங்கும் முன் பின்வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. யார் எவ்வளவு காசு, என்ன பொருள் தருகிறார்?
2. யாருடைய வேலை எது? அவர் வராத நாளில் யார் செய்வார்?
3. கருத்து வேறுபாடு வந்தால் இறுதி முடிவு யாருடையது?
4. இலாபத்தையும் நட்டத்தையும் எப்படிப் பிரிப்பது? எவ்வளவு சேமிப்பது?
5. கணக்கை எந்த நாளில் எல்லோருக்கும் காட்டுவது?
6. ஒருவர் விலக விரும்பினால் அவரது பங்கை எப்படிக் கொடுப்பது?

ஆறாவது கேள்வியைத் தொடக்கத்தில் கேட்கப் பலருக்கும் தயக்கம். மனம் நன்றாக இருக்கும்போது பேசினால்தான் அதற்கு நியாயமான பதில் கிடைக்கும்.

சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும்

அன்புச் சகோதரிகளே, குழுவாக வேலை செய்யும் பயிற்சியைப் பாடசாலையிலேயே பெறலாம். மீலாத் விழா, வர்த்தகக் கண்காட்சி, இச்சஞ்சிகையின் இதழாசிரியர் குழு என்பன எமக்குக் கிடைத்துள்ள பயிற்சிக் களங்கள். அங்கே சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பவள் யார், பொதுக் காசுக்குக் கணக்குக் காட்டுபவள் யார், தவறைச் சொன்னால் கோபிக்காமல் கேட்பவள் யார் என்று கவனியுங்கள். நாளை உங்களுக்கு வேண்டிய கூட்டாளி அவள்தான். நீங்களும் அவளைப் போல் இருக்கப் பழகுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகள் ஒரு வியாபார யோசனையோடு வந்தால், காசு இல்லை என்று உடனே மூடிவிடாதீர்கள். யாரோடு, என்ன உடன்பாட்டோடு தொடங்கப் போகிறாய் என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் தெளிவான பதில் இருந்தால், எண்பது ரூபாயோடும் தொடங்கலாம்.