குதிரைக்குப் புல் தேடினார்கள், செம்பு கிடைத்தது!

உங்களுக்குத் தெரியுமா?

1900-ஆம் ஆண்டு கோடையில் ஜாக் ஸ்மித், கிளாரன்ஸ் வார்னர் என்ற இருவர் அலாஸ்காவின் ராங்கல் மலைப்பக்கம் தாதுவைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். கென்னிகாட் பனியாற்றுக்கு மேலே, மலையுச்சியை ஒட்டி ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. குதிரைகளுக்கு நல்ல மேய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஏறிப் பார்த்தால் புல்லே இல்லை. அத்தனையும் தாமிரத் தாது! பின்னாளில் 'பொனான்சா' என்று பெயர் எடுத்த சுரங்கம் அதுதான்.

அந்தப் பச்சை வேறெதுவும் இல்லை, களிம்பு. புளி போட்டுத் துலக்காமல் விட்ட செம்புக் குடத்தில் ஏறுமே, ஏறக்குறைய அதே சங்கதி. மழையும் காற்றும் பட்டுத் தாதுவின் மேற்புறம் மாலகைட் என்ற பச்சைக் கனிமமாக மாறியிருந்தது. உடைத்தால் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் சால்கோசைட் என்ற தாது. கலப்பில்லாத சால்கோசைட்டில் நூற்றுக்கு எண்பது பங்கு செம்பு! இன்றைக்குப் பல சுரங்கங்கள் ஒரு சதவீதம்கூடத் தேறாத பாறையைத்தான் அரைத்துக்கொண்டிருக்கின்றன.

'கண்டுபிடித்தார்கள்' என்று சொல்வதில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த அட்னா மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செம்பைத் தட்டிக் கத்தியும் அம்புமுனையும் செய்துவந்தார்கள். 1885-இல் அமெரிக்க ராணுவத்தின் லெப்டினன்ட் ஹென்றி ஆலன் பட்டினியோடு வந்து சேர்ந்தபோது சோறு போட்டவர் அவர்களின் தலைவர் நிக்கோலாய். 1899-இல் நிலைமை தலைகீழ்: உணவுப் பொருளுக்கு ஈடாகத் தமக்குத் தெரிந்த ஒரு தாது இருப்பிடத்தைச் சுரங்கம் தேடி வந்தவர்களுக்கு அவர் காட்டிக்கொடுத்தார். பாறைக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த 'நிக்கோலாய் பச்சைப்பாறை' சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு. அதன்மேல் கடலடியில் சுண்ணாம்புக்கல் படிந்தது. பிறகு சூடான நீர் எரிமலைப் பாறையிலிருந்த செம்பைக் கரைத்து மேலே கொண்டுபோய், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறக்கிவைத்தது. அதனால் இரண்டு பாறைகளும் சேரும் கோட்டுக்குச் சற்று மேலே பார்த்தால் போதும். இன்னொரு வேடிக்கை: குழம்பு இறுகும்போது அதில் பதிந்த காந்தத் திசையை அளந்தவர்கள், இந்தப் பாறை பூமத்திய ரேகைக்கு அருகில் பிறந்தது என்கிறார்கள். பனிமலையில் கிடப்பது வெப்ப நாட்டுச் சரக்கு!

தாது இருந்து என்ன பயன், வெளியே கொண்டுவர வேண்டாமா? ஸ்டீபன் பர்ச் என்ற இளம் பொறியாளர் உரிமைகளை வாங்கி, பெரும் பணக்காரர்களைப் பிடித்து, 196 மைலுக்கு ரயில் பாதை போடவைத்தார். அதன் பெயரின் முதலெழுத்துகள் சி.ஆர்.என்.டபிள்யூ. 'ஓட முடியாது, ஒருநாளும் ஓடாது' என்று பொருள்படும்படி ஊரார் அதற்கு ஆங்கிலத்தில் விரிவாக்கம் சொல்லிச் சிரித்தார்கள். 1911-இல் ஓடியது. 1938 வரை ஓடியது.

உச்சியிலிருந்து உடைந்து விழுந்த தாதுத் துண்டுகள் பனிக்கட்டியோடு உறைந்து கிடந்த இடமும் உண்டு. அதற்குக் 'கிளேசியர் சுரங்கம்' என்று பெயர். கோடையில் மட்டும்தான் அங்கே வேலை.

பனியாற்றின் பெயர் 'கென்னிகாட்'; அது 1866-இல் இறந்த ராபர்ட் கென்னிகாட் என்ற இயற்கை ஆய்வாளரின் பெயர். சுரங்கத்தை நடத்திய கம்பெனியோ 'கென்னெகாட்'. யாரோ எழுத்துப்பிழை செய்ய, அப்படியே பலகையில் ஏறிவிட்டது.