வானொலிக் கால்பந்து வருணனையும் தமிழ் எச்ச அமைப்பும்

முன்னுரை

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என நீளும் தோல் தொழிற்பகுதியில் தமிழும் உருதும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. வீட்டில் உருது பேசும் குடும்பத்தினர்க்கு இந்தி வருணனை அயலானதன்று; எனவே ஆட்ட வருணனையைத் தமிழில் கேட்பது இப்பகுதியினர் பலர்க்கு ஒரு தேர்வாகவே அமைகிறது. 2022ஆம் ஆண்டு கத்தாரில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி, ஜியோசினிமா வழியாக ஆங்கிலம், இந்தி, தமிழ், மலையாளம், வங்காளம் ஆகிய மொழிகளின் வருணனையோடு ஒளிபரப்பானபோது இத்தேர்வு கைக்கெட்டும் அளவில் வந்தது. இத்தகைய சூழலில், தமிழ் கால்பந்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்காது என்னும் எண்ணம் வலுப்பெறுமானால் கேட்போர் எளிதில் வேறு மொழிக்கு மாறிவிடுவர். வினைமுற்றை இறுதியில் வைக்கும் மொழியில், பந்து வலைக்குள் சென்ற பிறகே தொடர் முடியும் என்பது இவ்வெண்ணத்திற்குச் சொல்லத்தக்க காரணம். தடை மொழியில் இல்லை, வருணனைக்குத் தேர்ந்துகொண்ட தொடர்மாதிரியிலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு நிறுவ முயல்கிறது.

வானொலி வருணனையின் இயல்பு

தொலைக்காட்சி வருணனை கண்டதற்கு விளக்கம் தருவது. வானொலி வருணனை காணாததைக் காட்டுவது. 1927 சனவரி 22 அன்று இலண்டன் ஹைபரி திடலில் ஆர்சனல், ஷெபீல்டு யுனைடெட் அணிகள் ஆடிய ஆட்டத்தைப் பி.பி.சி. ஒலிபரப்பியபோது இச்சிக்கல் உணரப்பட்டது. திடலை எட்டுக் கட்டங்களாகப் பகுத்த வரைபடம் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சிடப்பட்டது. வேக்லம் ஆட்டத்தை வருணிக்க, மற்றொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைக் கூறியது. பந்து எங்கே உள்ளது, யாரிடம் உள்ளது என்னும் இரண்டு வினாக்களுக்கும் இடையறாது விடை தருவதே இவ்வருணனையின் அடிப்படைப் பணி என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது.

கிரிக்கெட் தந்த மாதிரி

தமிழ் விளையாட்டு வருணனைக்குச் செவிப்பழக்கம் உண்டாக்கியது கிரிக்கெட்டே. சென்னை வானொலி வழியாகக் கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வி. இராமமூர்த்தி ஆகியோர் அத்துறையில் பெயர் பெற்றனர். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் இடைவெளி உண்டு. 'வீசினார், அடித்தார், பந்து எல்லைக்கோட்டைக் கடந்தது' என முற்றுத் தொடர்களாகச் சொல்லி முடித்து, அடுத்த பந்துக்குமுன் கருத்துரைக்கவும் நேரம் கிடைக்கும். கால்பந்தில் அவ்விடைவெளி அரிது. ஒவ்வொரு செயலையும் எழுவாய், செயப்படுபொருள், வினைமுற்று என நிறைவு செய்ய முனையும் வருணனையாளர் ஆட்டத்திற்குப் பின்தங்குவது இயல்பு.

செய்து, செய: பந்தின் உடைமை

இங்குத் துணையாவது வினையெச்சம். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் எனவும், 'செய' முதலாயின பிற வினைமுதலையும் ஏற்கும் எனவும் தொல்காப்பிய வினையியல் வரையறுக்கிறது. கால்பந்து வருணனையில் இவ்வேறுபாடு, பந்து ஒருவரிடமே உள்ளதா, கைமாறியதா என்பதை உணர்த்தும் கருவியாகிறது.

1986 சூன் 22 அன்று மெக்சிகோ நகரின் ஆஸ்டெக்கா திடலில் நடந்த காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா அடித்த இரண்டாவது கோலைத் தமிழில் இவ்வாறு அமைத்துப் பார்க்கலாம்: 'மாரடோனா, நடுக்கோட்டுக்கு இப்பால், பியர்ட்ஸ்லியைக் கடந்து, ரீடைக் கடந்து, புட்சரை ஏமாற்றி, ஃபென்விக்கையும் தாண்டி, எதிரே ஷில்டன், அவரையும் சுற்றி, கோல்!' ஆட்டக்காரரின் பெயர் ஒருமுறையே வருகிறது. அடுக்கி வரும் 'செய்து' எச்சங்கள் பந்து இன்னும் அவரிடமே உள்ளது என்பதைச் செவிக்குச் சொல்லிக்கொண்டே செல்கின்றன. வினைமுற்று வராமையால் கேட்போரின் எதிர்பார்ப்பும் தொடர்கிறது. குறையாகச் சொல்லப்பட்ட தொடரமைப்பே இங்கு ஆட்டத்தின் போக்கை ஏந்துகிறது.

அதே ஆண்டு சூன் 29 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை அர்ஜென்டினா 3-2 என வென்றது. வெற்றிக் கோலை மாரடோனா தந்த பந்தில் புருச்சாகா அடித்தார். இதற்கு 'மாரடோனா தள்ளிவிட, புருச்சாகா விரைந்து, உள்ளே புகுந்து, கோல்!' என்பது பொருந்தும். முதலில் வரும் 'செய' எச்சம் பந்து கைமாறியதைக் காட்ட, அடுத்து வரும் 'செய்து' எச்சங்கள் புதியவரின் ஓட்டத்தைக் காட்டுகின்றன. 'மாரடோனா தள்ளி, புருச்சாகா அடித்து' என எச்சங்களை மயக்கினால் எச்சத்திரிபாகப் பொருள் கொள்ள இடமுண்டெனினும், காணாமல் கேட்போர்க்கு அது குழப்பமே தரும்.

காலவழுவமைதி

எதிர்கால, நிகழ்கால வினைகளை விரைவுப் பொருளில் இறந்தகாலத்தால் கூறலாம் என்பது தொல்காப்பியர் விதி. இன்னும் உண்டு முடியாதவன் விரைவு கருதி உண்டுவிட்டதாகவே கூறுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் முக்காலமும் பிறழும் என நன்னூலும் கூறும். வருணனையாளர் கால் பந்தைத் தொடும் முன்பே 'அடித்தார்' என்பது இவ்விதிக்கு உட்பட்டதே. இதில் ஒலிச்சிக்கனமும் உண்டு. 'அடிக்கிறார்' ஆறு மாத்திரை. 'அடித்தார்' ஐந்து மாத்திரை. 'அடித்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து வேறொருவரிடம் சென்றிருக்கும்.

அடுக்கும் அளபெடையும்

விரைவுப் பொருளில் ஒரு சொல் மூன்று முறையும், இசை கருதியவழி நான்கு முறையும் அடுக்கும் எனத் தொல்காப்பிய எச்சவியல் எல்லை வகுக்கிறது. மாரடோனாவின் அக்கோலை வருணித்த விக்டர் ஹூகோ மொராலெஸ் 'மேதை' எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லை மும்முறை அடுக்கினார். 1954 சூலை 4 அன்று பெர்ன் நகரில் ஹங்கேரிக்கு எதிராக ரான் அடித்த வெற்றிக் கோலின்போது, ஹெர்பர்ட் ட்சிம்மர்மன் 'கோல்' என்பதற்குரிய ஜெர்மன் சொல்லை நீட்டி நான்கு முறை முழங்கினார். அயல்மொழி வழக்குக்குத் தமிழ் விதி காரணமாகாது. எனினும் விரைவும் முழக்கமும் வேறு வேறு என்னும் பாகுபாடு இவற்றை விளக்க உதவுகிறது. 'கோல்' என்பதன் நெடிலை நீட்டுவதற்கும், சேய்மை விளியில் ஒலி அளவு கடந்து இசைக்கும் என விளிமரபு கூறுவது ஒப்புநோக்கத்தக்கது.

சொற்றேர்வு

தமிழகத்தில் கால்பந்து, இலங்கையில் உதைபந்தாட்டம், சிங்கப்பூர் மலேசியாவில் காற்பந்து என ஆட்டத்தின் பெயரே வேறுபடுகிறது. ஓரசைச் சொல்லாகிய 'கோல்' ஒலிபரப்பில் நிலைபெற அதன் சுருக்கமும் நீட்டி ஒலிக்க இடந்தரும் நெடிலும் துணைசெய்கின்றன. 'கார்னர்', 'பெனால்டி' போன்றவற்றுக்குத் தமிழாக்கம் செய்வோரும் பொருளோடு மாத்திரையையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் வருணனையின் தமிழ்த்தன்மை பெயர்ச்சொற்களைவிட எச்சங்களின் இயக்கத்திலேயே மிகுதியும் தங்கியுள்ளது.

முடிவுரை

கால்பந்து வருணனைக்கு வேண்டிய தொடர்ச்சி, கைமாற்றம், விரைவு, முழக்கம் ஆகிய நான்கிற்கும் முறையே செய்தென் எச்சம், செயவென் எச்சம், காலவழுவமைதி, அடுக்கு ஆகியவை தமிழில் உள்ளன. முற்றுத்தொடர் மாதிரியிலிருந்து எச்சத்தொடர் மாதிரிக்கு மாறுவதே வருணனையாளர்க்குத் தேவையான பயிற்சி. தமிழ்த்துறைகளின் ஊடகத்தமிழ்ப் பாடத்தில் வினையியலும் எச்சவியலும் ஒலிபரப்புப் பயிற்சியோடு இணைத்துக் கற்பிக்கப்படுமாயின், பல மொழிகளுக்கிடையே தேர்ந்து கேட்கும் ஆம்பூர்க்காரரும் தமிழ் வருணனையை ஆட்டத்திற்குப் பின்தங்காததாகக் கேட்க இயலும்.