மயக்கத்தின் கதை – 17: மேட்டூரை மூட வேண்டாம், மதகை அடைத்தால் போதும்

“மூட்டை தூக்க எத்தனை நாளாகும் டாக்டர்?” குடலிறக்க அறுவைக்கு நாள் குறிக்கும்போது கீழ்வேளூர்ப் பக்கத்துத் தொழிலாளி கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அடுத்தது, “முழு மயக்கமா, முதுகுல ஊசியா?” மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை அவர் கேட்கமாட்டார். கூட வந்த வீட்டுக்காரம்மாதான் தயங்கித் தயங்கிக் கேட்பார்: “ராத்திரி ரொம்ப வலிக்குமா சார்?” பதில் வழக்கமானது. “கொஞ்சம் இருக்கும்மா, தாங்கிக்கணும்.”

இந்த வாரம் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான். அதற்கு ‘தாங்கிக்கணும்’ என்பதைவிட நல்ல பதில் நூறு வருடங்களுக்கு மேலாக மருத்துவத்தின் கையில் இருக்கிறது.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் ஊர் கீழ்வேளூர். சம்பா அறுவடையாகி நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறந்துவிட்டால் தை, மாசி முழுக்க மூட்டைதான். சாக்குக்கு 40 கிலோ. தூற்றி, எடை போட்டு, வாயைத் தைத்து, லாரியில் அடுக்கி முடிகிறவரை சுமை தூக்குகிறவருக்கு நிமிர நேரமிருக்காது. அப்படி ஒருநாள் குளிக்கும்போது தொடையிடுக்கில் ஒரு புடைப்பு கையில் தட்டுப்படும். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும். ‘குடல் இறங்கிடுச்சு’ என்பார்கள். வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓரிடத்தை விலக்கிக்கொண்டு உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ பிதுங்கி வருவதுதான் இது. ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொடையிடுக்குக் குடலிறக்கம் வரக்கூடும் என்பது மருத்துவ உலகின் கணக்கு. பெண்களில் 3 பேருக்கு. பழியை மூட்டைமேல் மட்டும் போட முடியாது. பிறவியிலேயே மூடாமல் விட்ட வழி, பீடியால் வந்த ஓயாத இருமல், மலச்சிக்கல், பிராஸ்டேட் வீங்கி முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது எல்லாமே கூட்டாளிகள்.

அறுவடை முடியட்டும், மேட்டூர் திறக்குமுன் சித்திரை, வைகாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இங்கே சகஜம். புடைப்பு தானாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறவரை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படித் திட்டமிடுவதில் தவறில்லை. புடைப்பு கெட்டியாகி, அழுத்தினாலும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் சேர்ந்துவிட்டால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. உள்ளே சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சென்ற வாரம் தண்டுவட ஊசியைப் பார்த்தோம். 1898-ல் ஜெர்மனியில் ஆகுஸ்ட் பியர் தொடங்கிவைத்தது. நம் ஊரில் கீறித் தைக்கும் குடலிறக்க அறுவைகளுக்கு இன்றும் பெரிதும் நம்பப்படுவது அதுதான். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், கத்தி பட்டது தெரியாது. ஆனால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் விலகிவிடும். காலை பத்து மணிக்குப் போட்டால் பிற்பகலில் கால் அசையத் தொடங்கும். காயத்தின் வலியும் அப்போதுதான் கண் விழிக்கும். ஒருக்களிக்க முடியாது, இருமப் பயம், சிரித்தால் சுண்டி இழுக்கும். தியேட்டருக்குள் வலி இல்லை, வார்டுக்குள் வந்தபின் வலி என்றால் மயக்க மருத்துவத்தின் வேலை பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள்.

டெல்டாக்காரர்களுக்கு இதற்கான வழியை விளக்குவது சுலபம். கீழ்வேளூரில் ஒரு வயலுக்குத் தண்ணீர் போகக் கூடாது என்றால் மேட்டூரை மூடலாம். கல்லணையில் வெண்ணாற்றுத் தலைப்பை மூடலாம். அல்லது அந்த வயலுக்குப் பிரியும் வாய்க்காலின் மதகை மட்டும் அடைக்கலாம். முழு மயக்கம் மேட்டூரை மூடுவது. தண்டுவட ஊசி கல்லணையை மூடுவது. ‘நர்வ் பிளாக்’ எனப்படும் நரம்புத் தடுப்பு ஊசி மதகை அடைப்பது. தண்ணீர் மேலிருந்து கீழே வரும், வலி கீழிருந்து மூளைக்கு ஏறும். திசை மட்டும்தான் வேறு. மதகை மட்டும் அடைத்தால் மற்ற வயல்கள் பாட்டுக்குப் பாயும்: மனிதர் விழித்திருப்பார், பேசுவார், சாப்பிடுவார்.

அறுவை சிகிச்சை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகளும் நோயுற்ற கண்களின் ஓவியங்களும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. சரபோஜி மறைந்தது 1832-ல். மயக்க மருந்தான ஈதரின் ஆற்றல் பாஸ்டனில் உலகறிய நிரூபிக்கப்பட்டது 1846-ல். அதாவது அந்தச் சிகிச்சைகள் மயக்க மருந்துக்கு முந்தியவை. நரம்பை மட்டும் மரக்க வைக்கும் வித்தை தொடங்கியதும் கண்ணில்தான். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்ன் கரைசலைக் கண்ணில் சொட்டவிட்டு, வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார். அடுத்த சில மாதங்களில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அதே மருந்தை ஊசியில் ஏற்றி, நரம்பின் பக்கத்திலேயே செலுத்திப் பார்த்தார். சோதனைகளைத் தன் உடம்பிலும் செய்தவர் கோகெய்னுக்கு அடிமையானார்.

அவரிடம் பயின்றவர் ஹார்வி குஷிங். பின்னாளில் மூளை அறுவையில் உலகப் புகழ் பெற்றார். மருத்துவ மாணவராக இருந்தபோது இவர் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய் இறந்துவிட்டார். படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அது அவரை உலுக்கியது. மயக்கத்தின்போது நாடித்துடிப்பைக் குறித்து வைக்கும் அட்டவணையை நண்பர் கோட்மனுடன் சேர்ந்து அவர் உருவாக்கியதற்கு அந்த மரணமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1900-ல் குஷிங் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் நம் கதைக்கு முக்கியம். தொடையிடுக்கில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று வரைந்து காட்டி, அவற்றை மரக்க வைத்தே குடலிறக்கத்தைச் சரிசெய்யலாம் என்று எழுதினார். முழு மயக்கத்தைத் தாங்காத முதியவர்களும் நோயாளிகளும் அதனால் பிழைத்தார்கள். ஆக, நரம்புத் தடுப்பின் வரலாற்றில் குடலிறக்கம் முதல் வரிசையில் நிற்கிறது.

இப்போது கோகெய்ன் இல்லை. 1940-களில் ஸ்வீடனில் பிறந்த லிக்னோகெய்னும் அதற்குப் பின் வந்த பியூபிவகெய்னும்தான். நரம்புச் சுவரில் சோடியம் நுழையும் வாசல்களை இவை அடைத்துவிடும். வலியின் மின்குறிப்பு அங்கேயே நின்றுவிடும். லிக்னோகெய்ன் சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் விலகும். பியூபிவகெய்ன் பல மணி நேரம் நிற்கும். தண்டுவட ஊசிக்குப் போடுவதும் பியூபிவகெய்ன்தான் என்பதால் அந்த மருந்து இல்லாத ஆபரேஷன் தியேட்டர் அரிது.

தொடையிடுக்குக்கு உணர்ச்சி தருபவை முக்கியமாக மூன்று நரம்புகள்: இலியோ இங்குவினல், இலியோ ஹைப்போகாஸ்ட்ரிக், ஜெனிட்டோ ஃபெமரல். முதல் இரண்டும் வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு இடையில் ஓடிவருகின்றன. இடுப்பெலும்பின் முன்முனையைத் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளேயும் இரண்டு சென்டிமீட்டர் மேலேயும் ஊசியை இறக்குவது பழைய முறை. தசையுறையைத் தாண்டும்போது ‘டப்’பென்று கைக்குத் தெரியும். இன்னும் எளிய வழியும் உண்டு. அறுவை செய்பவர் திறந்த காயத்திலேயே நரம்பைக் கண்ணால் பார்த்து மருந்தைச் செலுத்தலாம். தையல் போடுமுன் காயத்தின் அடுக்குகளிலும் மருந்தை ஊறவிடலாம்.

2001-ல் ரஃபி என்ற மயக்க மருத்துவர் இன்னொரு வழியைச் சொன்னார். வயிற்றின் உட்சாய்தசைக்கும் குறுக்குத்தசைக்கும் இடைப்பட்ட தளத்தில் மருந்தைப் பரவவிட்டால் அந்தப் பக்கத்து வயிற்றுச் சுவரே மரத்துவிடும். ‘டாப் பிளாக்’ என்பது இதைத்தான். 2007-க்குப் பின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே போடும் முறை பரவியது. திரையில் தசைகள் பட்டை பட்டையாகத் தெரியும், நடுவே மருந்து கரும்பட்டையாக விரிவதையும் பார்க்கலாம்.

இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். பெண் சிசுவைக் கருவிலேயே கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும், எங்கே, யார் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும். பெண் சிசுக்கொலையால் தலைகுனிந்த தமிழ்நாட்டுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். ஆனால் வயிற்றுத் தசையைப் பார்க்க மட்டும் கருவியைத் தொடும் மயக்க மருத்துவரும் அதே விதிகளுக்குள் வருகிறார். சிறிய மருத்துவமனைக்கு இது கூடுதல் சுமை. அதனால்தான் ஸ்கேன் இல்லாமலே செய்யக்கூடிய பழைய முறைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

குடலிறக்கத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல் 2018-ல் வெளியானது. கீறித் தைக்கும் எல்லா அறுவையிலும் நரம்புத் தடுப்போ காயத்தில் மருந்து ஊறவிடுவதோ சேர வேண்டும் என்கிறது அது. வலியின் உச்சம் முதல் நாள். அந்த நேரத்தை ஊசி கடத்திவிட்டால் வலி மாத்திரையின் தேவை குறைகிறது. டைக்ளோஃபெனாக் ஒத்துக்கொள்ளாத வயிற்றுப்புண்காரருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இது பெரிய உதவி. 1985-ன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகள் 2014 திருத்தத்தில் தளர்ந்த பிறகும் மார்ஃபின் எளிதில் கிடைக்காத சிற்றூர்களுக்கும் அப்படித்தான். பீடி பிடித்த நுரையீரல்காரர் பயமில்லாமல் இருமிச் சளியைத் துப்பலாம். சாயங்காலமே எழுந்து நடக்கலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊசி தோல், தசை வலியைத் தடுக்கும். வயிற்றின் உள்ளே எழும் இழுப்பு வலி அதற்குக் கட்டுப்படாது. ஆகவே பாரசிட்டமால் போன்ற மாத்திரைகளும் வேண்டும், அதுவும் மரப்பு விலகுமுன்பே. அறுவைக்குப் பின் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வலியை இந்த ஊசி தடுக்கும் என்று உறுதி தர முடியாது. மருந்து சற்று ஆழமாகப் பரவினால் தொடை நரம்பும் மரத்து முழங்கால் மடங்கிவிடலாம். முதல் முறை எழும்போது யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அளவும் முக்கியம். பியூபிவகெய்னைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் 50 கிலோ மெலிந்த உடம்புக்கு 100 மில்லிகிராம்தான் எல்லை. மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் நாக்கு மரக்கும், காதில் ரீங்காரம் கேட்கும், வலிப்பு வரும், இதயமும் நிற்கலாம். அதற்கு மாற்று மருந்தான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், ஊசி போடும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும்.

எனவே அறுவைக்கு முதல் நாள் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது வாயைத் திறந்து கேளுங்கள்: “முதுகு ஊசி விட்டதும் வலிக்கு என்ன செய்வீங்க? இடுக்குல நரம்புக்கு ஊசி போட முடியுமா?” ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மரப்பு ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. மூன்று மாதம் அசையாதே என்ற பழைய கட்டளையை 2018 வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. உடம்புக்கு இதமாக இருந்தால் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்கிறது. 40 கிலோ மூட்டைக்கு மட்டும் உங்கள் காயத்தைப் பார்த்த அறுவை மருத்துவரின் நாள்கணக்கே இறுதி. ‘இதமாக இருந்தால்’ என்பதுதான் அளவுகோல் என்றால், தொழிலாளியின் முதல் கேள்விக்கான பதில் வீட்டுக்காரம்மா தயங்கிக் கேட்ட மூன்றாவது கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. இனி அதை முதலிலேயே கேட்டுவிடலாம்.

அடுத்த வாரம்: பிரசவ வலிக்கு முதுகில் ஒரு மெல்லிய குழாய்.

(தொடரும்)