குறி தவறாமையின் வரலாறு: சுழல் துப்பாக்கிக் குழலும் மனித உழைப்பும்

ஓவன் விஸ்ரர் 1902 இல் வெளியிட்ட ‘த வேர்ஜினியன்’ உள்ளிட்ட அமெரிக்க மேற்குநிலக் கதைகளில், குறி தவறாமை என்பது நாயகனின் கண்ணுக்கும் நெஞ்சுரத்துக்கும் உரிய பண்பாகவே காட்டப்படுகின்றது. அவன் கையிலுள்ள றிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி எவரால், எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் வினா அங்கே எழுவதில்லை. இலக்கிய ஆராய்ச்சியாளராகிய நாம் அவ்வினாவை எழுப்புவது துறை கடந்த செயலன்று. பண்டத்தினுள் உறைந்துள்ள உழைப்பு எங்ஙனம் கண்ணுக்குப் புலப்படாது மறைகின்றது என்பதை இது தெளிவாகக் காட்டும்.

முதலில் பொருளின் இயல்பினை நோக்குவோம். குழலின் உட்சுவரிலே சுருள்வடிவிற் வெட்டப்பட்ட தவாளிப்புகள் சன்னத்தைத் தன்னச்சிற் சுழலச் செய்கின்றன. அச்சுழற்சியே அது தடுமாறாது செல்வதற்குக் காரணமாகும். றைபிளில், வெடிமருந்து எரியும் அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிலையாக அமைந்துள்ளன. சுழல் துப்பாக்கியிலோ அறைகள் தனியான உருளையில் உள்ளன. ஐந்து அல்லது ஆறு அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழலின் முன் வந்து நிற்றல் வேண்டும். சன்னம் அறையினின்று வெளிப்பட்டு, சிறியதோர் இடைவெளியைத் தாண்டியே குழலினுட் புகுகின்றது. விரைந்து பலமுறை சுடும் வாய்ப்பினைத் தரும் அதே அமைப்பே செம்மைக்கு இடையூறாகவும் விளங்குகின்றது. இம்முரண்பாட்டின் வெளிப்பாடுகளே குழலிற் செய்யப்படும் திருத்தவேலைகள் அனைத்தும் எனலாம்.

அவ்வேலைகள் நான்கு இடங்களைச் சார்ந்தன. முதலாவது, குழலின் பின்முனையிலுள்ள கூம்புவடிவான வாய். சற்றே விலகி வரும் சன்னத்தை நடுவுக்குக் கொணர்வது இதுவே. இது கரடுமுரடாகவோ ஒருபுறம் சாய்ந்தோ இருப்பின் சன்னம் சிதைந்தே உட்செல்லும். இரண்டாவது, குழல் சட்டகத்திற் பொருந்தும் திருகுபுரிப் பகுதி. இறுக்கமாக முறுக்கப்படும்போது அவ்விடத்தில் உள்விட்டம் நுண்ணளவிற் சுருங்குவதுண்டு. அங்கே நெரிக்கப்படும் ஈயச் சன்னம், அதனைக் கடந்தபின் தவாளிப்புகளை முழுமையாகப் பற்றமாட்டாது. மூன்றாவது, குழலின் உட்பரப்பு. ஈயக்கட்டியில் நுண்ணிய அராவுதூளைப் பூசி முன்பின்னாக இழுத்துத் தேய்க்கும் பழைய முறை, சுருக்கத்தையும் கரடுகளையும் ஒருங்கே நீக்கும். நான்காவது, சன்னம் இறுதியாக விட்டு நீங்கும் முன்வாய். அதன் விளிம்பில் ஒருபுறம் சிறு வடு இருப்பினும், வாயு சமனின்றி வெளியேறிச் சன்னத்தைத் திசைதிருப்பிவிடும். அறைகளின் வாய் தவாளிப்பின் விட்டத்தினும் குறுகியதாக இருப்பின், குழலில் மட்டும் செய்யும் திருத்தம் போதிய பயனைத் தராது என்பதும் மனங்கொளத்தக்கது.

இனி வரலாற்றுக்கு வருவோம். சாமுவேல் கோல்ற் ஐக்கிய அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றது 1836 இல் ஆகும். அவரது முதலாவது கம்பனி 1842 இல் முறிந்தது. மெக்சிக்கோவுக்கு எதிரான போரின்போது, 1847 இல், அமெரிக்க அரசு கோரிய ஆயிரம் துப்பாக்கிகளே அவரை மீண்டும் நிலைநிறுத்தின. 1855 இல் ஹாட்ஃபோர்ட் நகரிற் பெருந்தொழிற்சாலை எழுந்தது. எனவே சந்தை தானாக இப்பண்டத்தை வளர்த்தது என்பதிலும், நிலப்பறிப்புப் போர் வளர்த்தது என்பதே பொருத்தமாகும்.

அத்தொழிற்சாலை இயந்திர உற்பத்தியின் வெற்றியாகப் போற்றப்பட்டது. மோட்ஸ்லியின் நகரும் கருவித்தாங்கி தனியொரு கருவியை அன்றி மனிதக் கையையே பதிலீடு செய்தது என மார்க்ஸ் 1867 இல் ‘மூலதனம்’ முதலாம் பாகத்திற் சுட்டினார். துளையிடலும் தவாளிப்பு வெட்டலும் அவ்வாறே பொறியிடம் சென்றன. ஆயினும் கோல்ற்றின் துப்பாக்கிகளிற் பல உறுப்புகளில் ஒரே தொடரிலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. ஓர் உறுப்பு எந்தத் துப்பாக்கிக்கும் தானாகப் பொருந்தவில்லை. இறுதியில் அரம் பிடித்த தொழிலாளியே அவற்றை ஒன்றுக்கொன்று பொருத்தினான் என்பதற்கு இவ்விலக்கங்களே சான்று. பொறி நீக்கியதாகக் கூறப்பட்ட கை, உற்பத்தியின் கடைசி மேசையிலே தொடர்ந்து உழைத்துக்கொண்டிருந்தது. இன்று தொழிற்சாலைத் துப்பாக்கியைத் தனிக் கம்மியனிடம் கொடுத்துக் குழலைத் திருத்துவிப்போரும், பொறி விட்டுச்சென்ற நுண்ணளவை மனிதக் கையினிடமிருந்தே விலைக்கு வாங்குகின்றனர்.

ஏங்கெல்ஸ் 1860-61 இல் றைபிளின் வரலாறு பற்றித் தொடர்கட்டுரை எழுதினார். படைக்கலத்தின் வளர்ச்சியை மேதைகளின் கதையாக அன்றி, இறுக்கமான பொருத்தம், விரைவான நிரப்புதல் என்னும் இரு தேவைகளின் மோதலாக நோக்க அது நமக்கு வழிகாட்டுகின்றது. நாம் மேலே கண்ட சுழல் துப்பாக்கியின் முரண்பாடும் அவ்வகையினதே.

செம்மை தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கினை உணரும் விரல், எவர்மீது குறி வைக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை ஒருபோதும் பெற்றதில்லை. நாயகனின் கண்ணைப் பாடிய இலக்கியம் இவ்விரண்டையும் மறைத்தது: குழலைச் செம்மைசெய்த தொழிலாளியையும், அக்குழலின் முன் நின்ற மெக்சிக்கோவின் உழவனையும் பூர்வகுடி மனிதனையும். மறைக்கப்பட்ட இவ்விருவரையும் கதைக்குள் மீண்டும் காண்பதே திறனாய்வின் கடமை என்பது நமது துணிபு.