எல்லோருக்கும் எட்டும் தோட்டம்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் காய்கறித் தோட்டம் தொடங்கிய முதல் ஆண்டில், சக்கர நாற்காலியில் வரும் ஏழாம் வகுப்பு மாணவனுக்குத் தோட்டப் பதிவேடு எழுதும் வேலையைக் கொடுத்திருந்தேன். மற்றவர்கள் பாத்தியில் இறங்கி வேலை செய்ய, அவன் தாழ்வாரத்தில் இருந்தபடி எழுதுவான். அவனுக்கும் ஒரு பொறுப்பு கொடுத்துவிட்டதாக எனக்குத் திருப்தி. பதிவேட்டில் ‘நட்டவர் பெயர்’ என்றொரு கட்டம் உண்டு. ஒருநாள் அதைக் காட்டி, “இதுல என் பேரு எப்ப டீச்சர் வரும்?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பை இக்குழந்தைகளுக்குத் தரச் சொல்கிறது. நான் கொடுத்தது வாய்ப்பு அல்ல, பார்வையாளர் இடம்.

பசுமை மனத்துக்கு இதம் என்பது நம் அனுபவம். 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதைக் காட்டியது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டும் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். ஆனால் பள்ளித் தோட்டத்தின் பயன் பார்ப்பதோடு நிற்பதில்லை. விதையை எடுக்கும் விரல்களுக்கு அது பயிற்சி. முளைக்கும்வரை காத்திருப்பது பொறுமை. தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்ற எண்ணம், எப்போதும் பிறர் உதவியைப் பெற்றே பழகிய குழந்தைக்குப் பெரிய மாற்றம்.

சிறப்புப் பயிற்றுநரின் ஆலோசனையோடு முதலில் அவன் கை எட்டும் தூரத்தை அளந்தோம், 50 செ.மீ. ஆகவே 60 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் அகலத்தில், இருபுறமிருந்தும் எட்டும்படி மேட்டுப்பாத்தி திட்டமிட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது, கொத்தனாரான ஒரு பெற்றோர் பழைய செங்கற்களைக் கொண்டே கட்டித் தந்தார். முதல் மழையில் சக்கரம் சேற்றில் புதைந்தது. பாத்தியை யோசித்த நாங்கள் பாதையை யோசிக்கவில்லை! பிறகு 120 செ.மீ. அகலத்துக்குச் செங்கல் பாவினோம்.

மற்றக் குழந்தைகளுக்கும் சிறு மாற்றங்களே போதுமானவையாக இருந்தன:

• பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 15 செ.மீ.க்கு ஒரு முடிச்சிட்ட கயிறு. முடிச்சைத் தடவி விதை ஊன்றலாம். வரிசையின் தொடக்கத்தில் துளசி, ஓமவல்லி, புதினா இருந்தால் வாசனையே அடையாளம்.

• கைப்பிடி வலு குறைந்தவர்களுக்கு, களைக்கொத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கலாம்.

• அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, குழி, விதை, தண்ணீர் என மூன்று பட அட்டைகள். விரைவில் பலன் தெரியும் பயிர் நல்லது. சிறுகீரையை ஏறக்குறைய 25 நாளில் பறிக்கலாம்.

• ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு ஈர மண் பிடிக்காது. கட்டாயப்படுத்தாமல், கையுறையோ உலர்ந்த விதைகளைப் பிரிக்கும் வேலையோ கொடுக்கலாம்.

நாங்கள் எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. மாட்டெரு கொண்டுவரும் பாட்டி ஒருவருக்கு மூட்டுவலி, குனிய முடியாது. மேட்டுப்பாத்தியைப் பார்த்தவர், வாரம் ஒருநாள் வந்து பிள்ளைகளோடு களை எடுக்கிறார். வீட்டில் பேச ஆளில்லை என்பவர், இங்கே பேசிக்கொண்டே இருக்கிறார். ஒருவனுக்காகக் கட்டியது ஊருக்கும் உதவியது.

உங்கள் பள்ளியிலும் தோட்டம் இருக்கலாம். தோட்ட நேரத்தில் யார் ஓரமாக இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். எது தடையாக இருக்கிறது என்பதை அந்தக் குழந்தையிடமே கேளுங்கள்.

முதல் கீரைக்கட்டு சத்துணவுக் கூடத்துக்குப் போன நாளில், வழக்கம்போல் பதிவேட்டை அவனிடம் நீட்டினேன். “வேற யாருக்காவது கொடுங்க டீச்சர், கையெல்லாம் மண்ணு” என்றான்.