கட்டிய பள்ளியும் குடைந்த மலையும்: கழுகுமலை, பள்ளிமடம் குறிப்புகள்

எங்கள் விருதுநகர் வட்டாரத்தில், சம்மணம் போட்டுக் கண் மூடி உட்கார்ந்திருக்கிற எந்தக் கற்சிலையைப் பார்த்தாலும் "புத்தர்" என்று சொல்லிவிடுவார்கள். கழுகுமலைக்குப் போய்விட்டு வந்து "மலை பூரா புத்தர் சிலைங்க" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அங்கே இருப்பவை சமணத் தீர்த்தங்கரர்கள். ஒரு புத்தர்கூட இல்லை.

இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது எட்டாவது படிக்கும் என் மகள், "அப்போ நம்ம பக்கம் புத்தருக்குக் கோயிலே இல்லையாப்பா? மணிமேகலையெல்லாம் எங்க ஊருக்கு வரலையா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு என்னால் முடிந்த பதில்தான் இந்தக் குறிப்பு. தீபாவளி முடிந்து பயராபீஸ்களுக்கு லீவு விட்டிருந்த வாரம் அது. சிவகாசியில் கணக்கு எழுதும் என் தம்பியும் சும்மா இருந்தான். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி, நான் என ஆறு பேர் இரண்டு நாளாகப் பிரித்துப் போய்வந்தோம். முதல் நாள் திருச்சுழிப் பக்கம், மறுநாள் கழுகுமலை.

முதலில், எப்படி அடையாளம் காண்பது?

புத்தர் ஆடை உடுத்தியிருப்பார். கல்லில் அது தெரியாதமாதிரி இருக்கும், ஆனால் இடது தோளில் துணியின் ஓரக்கோடு ஒன்று ஓடும். உச்சந்தலையில் முடிச்சுபோல ஒரு மேடு, அதன்மேல் பல தமிழ்நாட்டுச் சிலைகளில் தீச்சுடர். கை மடியில் இருக்கலாம், பூமியைத் தொடலாம், அபயம் காட்டலாம்.

தீர்த்தங்கரருக்கு இத்தனை வகை கிடையாது. உட்கார்ந்திருந்தால் இரண்டு கையும் மடியில். நின்றால் இரண்டு கையும் உடம்பை ஒட்டாமல் நேராகத் தொங்கும். நம் பக்கத்துச் சிலைகளில் ஆடை இல்லை. தலைக்குமேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை, அதுதான் முக்குடை. ஐந்து தலைப் பாம்பு குடைபிடித்தால் அவர் பார்சுவநாதர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இது வெறும் பொது அறிவு இல்லை. சேலத்தில் 'தலைவெட்டி முனியப்பன்' என்று கும்பிடப்பட்டுவந்த சிலை புத்தர்தான் என்று தொல்லியல் துறை ஆராய்ந்து அறிக்கை கொடுத்து, 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. உட்கார்ந்த விதம், கை வைத்த விதம், தலையிலுள்ள அடையாளங்கள் என இவற்றை வைத்துத்தான் அங்கே முடிவு செய்தார்கள்.

பள்ளிமடம்: இடம் மாறிய கற்கள்

திருச்சுழிக்குப் பக்கத்தில் குண்டாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிமடம். காளநாதசுவாமி கோயில், அதாவது சிவன் கோயில். பேரைப் பார்த்ததும் "பள்ளி என்றால் சமணப் பள்ளிதானே" என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. இந்தக் கோயிலையே கல்வெட்டு ஒரு பள்ளிப்படை என்கிறது, அதாவது இறந்துபோன அரசருக்காக எழுப்பிய கோயில். சுந்தரபாண்டியன் பேரில் அமைந்தது. 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள், அதாவது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இங்கே உண்டு. ஆகவே பேரிலுள்ள 'பள்ளி' அந்தப் பள்ளிப்படையிலிருந்தே வந்திருக்கலாம்.

ஆனால் சமணத் தொடர்பு வேறு வழியில் இருக்கிறது. இங்குள்ள சில கற்களில், குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளிக்குக் கொடுத்த கொடைகளைப் பற்றி எழுதியிருக்கிறது. குறண்டி ஆவியூர்ப் பக்கம், இங்கிருந்து தள்ளி இருக்கிற ஊர். ஒரு ஊர்ப் பள்ளியின் கணக்கு இன்னொரு ஊர்ச் சிவன் கோயில் கல்லில் எப்படி வந்தது? அங்கே பள்ளி பாழாகி, அதன் கற்கள் இங்கே கட்டுமானத்துக்கு வந்திருக்கின்றன என்பதே ஆய்வாளர்கள் சொல்வது. யாரோ இடித்தார்கள் என்றுதான் அர்த்தம் என்றில்லை. ஆள் இல்லாமல் போன கட்டடத்தின் கல்லை அடுத்த கட்டடத்துக்கு எடுப்பது எல்லாக் காலத்திலும் நடந்ததுதான். நம் ஊரில் இடிந்த வீட்டு நிலையையும் உத்திரத்தையும் விலைபேசி எடுத்துப்போவதில்லையா, அதுமாதிரி.

குறண்டிப் பள்ளி சின்ன இடம் இல்லை. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகச் செதுக்கிய திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் குறண்டித் துறவிகளின் மாணாக்கர்கள் பேர் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார். குறண்டியில் படித்தவர்கள் மதுரைவரை போய்ப் பேர் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிக் கட்டடம் இன்று இல்லை. அது இருந்தது என்பதற்குச் சாட்சி, வேறு ஊர் மலையிலும் வேறு சாமி கோயிலிலும் கிடக்கிறது.

கழுகுமலை: இடம் மாற்ற முடியாத கல்

மறுநாள் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வழியாகக் கிளம்பினோம். 2022ல் அகழாய்வு தொடங்கிய வைப்பாற்றங்கரை மேடு வழியிலேயே இருக்கிறது. கழுகுமலை தூத்துக்குடி மாவட்டம்தான், ஆனால் எங்களுக்கு அது பக்கத்து ஊர்மாதிரி. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில், அதுவும் மலையைக் குடைந்த முருகன் கோயில். மேலே வெட்டுவான் கோயில். அதையும் தாண்டி மேலே ஏறினால் சமணச் சிற்பங்கள்.

வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையில் ஒரு பள்ளத்தை வெட்டி, நடுவில் விட்ட ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிகரம் முடிந்திருக்கிறது. உமையோடு இருக்கும் சிவனும், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் மேலே. கீழ்ப்பகுதி முடியவில்லை. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் வெட்டியதுதான். அது பிரம்மாண்டம், இது கைக்கடக்கம்.

தம்பி ரொம்ப நேரம் அந்தப் பள்ளத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் உளிதானாண்ணே? மருந்தே வைக்கலையா?" என்றான். மருந்தோடு பிழைக்கிற ஊர்க்காரன் கேள்வி. வெடிமருந்து வருவதற்குப் பல நூறு வருஷம் முந்திய வேலை. உளி, சுத்தியல், கூலி, பொறுமை. அவ்வளவுதான்.

மேலே சிற்பத் தொகுதி. ஒரு நீண்ட பாறைச் சுவர் முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து. நிதானமாகப் பார்க்கவேண்டியவை மூன்று.

ஒன்று, பார்சுவநாதர். பாம்புப் படத்தின் கீழே நிற்கிறார். மேலே கமடன் பாறையைத் தூக்கி எறிய வருகிறான். இரண்டு, பாகுபலி. தவத்தில் நின்றே இருந்ததால் கொடி உடம்பில் படர்ந்திருக்கிறது, பக்கத்தில் அவர் சகோதரிகள் இருவர். மூன்று, அம்பிகா. அதாவது இயக்கி.

அம்பிகா சிற்பத்துக்கு முன்னால்தான் அம்மா உட்கார்ந்துவிட்டாள். கதை இதுதான்: திவசத்துக்குச் சமைத்து வைத்ததை, பசியோடு வந்த சமணத் துறவிக்கு எடுத்துப் போட்டுவிடுகிறாள் ஒரு பெண். புருஷன் கோபப்பட, பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். கடைசியில் அவள் இயக்கி ஆகிறாள். புருஷன் அவளுக்கு வாகனமான சிங்கம் ஆகிறான். சிற்பத்தில் பிள்ளைகள், சிங்கம், மிரண்ட ஒரு ஆள் எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். "எய்யா, இது நம்ம இசக்கியில்லா!" என்றாள். இயக்கி என்ற சொல்தான் இசக்கி ஆனது என்று ஆய்வாளர்கள் எழுதியதை நான் படித்திருக்கிறேன். அம்மா படிக்கவில்லை, இடுப்புப் பிள்ளையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

யார் பேர் அது?

இங்கே ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே அச்சு: இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி. அவ்வளவுதான். அரசர் புகழ் பாடும் நீண்ட கல்வெட்டுகள் இல்லை. செய்வித்தவர்களில் வேளாண் குடியினர், தச்சர், கொல்லர், குயவர் எல்லாம் உண்டு. 'குரத்திகள்' என்ற பெண் ஆசிரியர்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கு அப்போது திருச்சாரணம் என்று பேர். அந்தத் திருச்சாரணத்துக் குரத்திகள் இங்கே வந்து திருமேனி செய்வித்திருக்கிறார்கள். 1,200 வருஷத்துக்கு முன்னால் பெண்கள் ஆசிரியராக இருந்து, மாணாக்கர் வைத்திருந்து, ஊர்விட்டு ஊர் போய்த் தங்கள் பேரைக் கல்லில் வைத்திருக்கிறார்கள்.

அம்மா சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். "குயவன் பேரு கூடவா போட்டிருக்கு?" என்று இரண்டு தரம் கேட்டாள். அவள் அடுக்கிய பெட்டிகளில் முதலாளி லேபிள் மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் புத்தர் எங்கே போனார்?

இப்போது மகளின் கேள்விக்கு வரலாம். தமிழ்நாட்டுப் பௌத்தர்கள் பெரும்பாலும் செங்கல்லில் கட்டினார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் 1960களில் தோண்டியபோது கிடைத்தது செங்கல் விகாரை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை முதலாம் இராசராசன் காலத்தில் ஆனைமங்கலம் ஊரையே கொடையாகப் பெற்றது. அங்கே கடைசியாக நின்ற கோபுரத்தை 1867ல் இடித்தார்கள். 1856 முதல் அந்த ஊரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த செப்புப் படிமங்கள் மட்டும் சுமார் 350. மற்றபடி அவர்கள் வைத்தவை தனிக் கற்சிலைகள். செங்கல் மண்ணாகும், செம்பை உருக்கலாம், தனிச் சிலையைத் தூக்கிக்கொண்டு போகலாம், முனியப்பன் ஆக்கலாம்.

பௌத்தர்களுக்கு மலை குடையத் தெரியாது என்று அர்த்தமில்லை. அஜந்தா அவர்களுடையதுதான். ஆனால் பாண்டிநாட்டில் பாறையைத் தேடிப்போய்ப் படுக்கை வெட்டி, திருமேனி செதுக்கியவர்களில் சமணர்களே மிகுதி. அதனால்தான் அவர்கள் இருந்தது கண்ணுக்குத் தெரிகிறது. பௌத்தர்கள் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதை மிச்சமிருக்கிற கல்லை வைத்து எடை போட்டால் தப்பாகத்தான் வரும். சமணர்களுக்கே குறண்டியில் கட்டிய பள்ளி போய்விட்டதே. கட்டியது போனது, செதுக்கியது நின்றது.

இப்போதைய கவலை

மலை நிற்கும் என்ற அந்த நம்பிக்கைதான் இன்று ஆடுகிறது. எங்கள் மாவட்டத்தில் காரியாபட்டிப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. 2024 மே 1 அன்று அங்கே குவாரி வெடிபொருள் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளிகள் இறந்தார்கள். பட்டாசு விபத்துச் செய்திக்குப் பழகிய ஊர், இதையும் அதோடு சேர்த்து மறந்துவிட்டது. உயிர்களைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும். அதோடு இதையும் சொல்லவேண்டும்: உளியால் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியதை, துளை போட்டு மருந்து வைத்தால் ஒரு மதியத்தில் ஜல்லியாக்கிவிடலாம். கழுகுமலைக்குத் தொல்லியல் துறைப் பாதுகாப்பு இருக்கிறது. யாரும் ஏறிப் பார்க்காத பொட்டல் குன்றுக்கு அது கிடையாது. அங்கே ஒரு கற்படுக்கையோ நாலு எழுத்தோ இருந்தால், யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

ஆகவே சின்ன வேண்டுகோள்கள். உங்கள் ஊர்க் குன்றில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைபோல் பாறை, அதற்கு மேல் முகப்பில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க வெட்டிய நீண்ட காடி, இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் படமெடுத்துத் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ எழுதிப் போடுங்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்பு, எண்ணெய், பெயிண்ட் எதுவும் பூசவேண்டாம். கழுகுமலைக்குக் காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் வட்டெழுத்து கண்ணுக்குத் தெரியும், பாறையும் சுடாது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் முக்குடையைக் காட்டுங்கள். வட்டெழுத்துக்குப் பக்கத்திலேயே காதலர் பேர்களும் கீறப்பட்டிருக்கின்றன. அதையும் காட்டிவிட்டு, குயவர் பேருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களிடமே கேளுங்கள். என் மகள், "அவங்க ஒண்ணு செஞ்சுட்டுப் பேரு போட்டாங்க" என்றாள்.

அடுத்த லீவில் மூவரைவென்றான் குடைவரைக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் போவதாக இருக்கிறோம். குணமதியார் பேரைத் தான்தான் முதலில் கண்டுபிடிக்கவேண்டும் என்று மகள் வட்டெழுத்து அட்டவணை ஒன்றை எழுதி மேசைமேல் ஒட்டிவைத்திருக்கிறாள்.