உஷார்! ஓடை பெருகினால் உங்கள் பைதான் துணை

சதுரகிரி மலைக்கோயிலுக்குப் பை கட்டிவிட்டீர்களா? தயவுசெய்து அதை ஒருமுறை தரையில் கொட்டிப் பாருங்கள். பூஜைச் சாமான், புளியோதரை, மாற்று வேட்டி, இறங்கி வந்ததும் வாங்கப்போகும் பால்கோவாவுக்கு இடம். எல்லாம் சரி. டார்ச் எங்கே? விசில் எங்கே? ஓர் இரவு மலையிலேயே மாட்டிக்கொண்டால் உடம்பைப் போர்த்த உலர்ந்த துணி எங்கே?

பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை. 2015 மே மாத அமாவாசைக்கு வந்த பக்தர்களைத் திடீர்க் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றது; பலர் திரும்பவில்லை. அது ஐப்பசி மழைக்காலம்கூட இல்லை, கோடை. தாணிப்பாறை அடிவாரத்தில் வெயில் கொளுத்தும்போதே மேலே மலைமுகட்டில் இடிமழை கொட்டும். மாங்கேணி ஓடையும் சங்கிலிப்பாறை ஓடையும் பெருகுவதற்கு அது போதும். கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் கலங்கலாகி, இலைச்சருகு மிதந்து வந்து, மேலிருந்து இரைச்சல் கேட்டால் அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். "இன்னும் நாலு எட்டுதானே" என்று கால் வைக்காதீர்கள். மேலே சிக்கிய பக்தர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி இறக்கிய நாட்களும் இங்கே உண்டு.

உங்கள் பை எதற்கு என்பது அப்போதுதான் தெரியும். காத்திருப்பதற்கு. தண்ணீர் வடியும்வரை, சிலசமயம் விடியும்வரை, குளிராமல், இருட்டில் இடறாமல், பசி மயக்கம் வராமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதற்கு. செல்போனே டார்ச்சாக இருக்கும் என்று நம்பி ஏறுபவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்காது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி இறங்கிவிடும். நெற்றியில் மாட்டும் சிறிய டார்ச் ஒன்று, மாற்று பேட்டரி, கழுத்தில் தொங்கும் விசில். இரைச்சலுக்கு நடுவே தொண்டை எடுபடாது, விசில் எடுபடும். மூன்று முறை ஊதி, இடைவெளி விட்டு, மறுபடி மூன்று முறை ஊதுங்கள். குழுவுக்கு ஒரு விசில் போதாது. வெள்ளம் குழுவைப் பிரித்துவிட்டால் அந்த ஒன்று யாரிடம் இருக்கும்?

இடுப்பு வார், மார்பு வார் உள்ள முதுகுப்பைதான் நல்லது. சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். ஆனால் வனத்துறை அனுமதித்த நாளில், சாதாரண நீரோட்டத்தைக் கடக்கும்போதுகூட இரண்டு வாரையும் கழற்றிவிட்டே கால் வையுங்கள். வழுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். வார் பூட்டியிருந்தால் நனைந்த பை உங்களையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஷூ விஷயத்தில் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். நேற்று வாங்கிய புது ஷூ, வழுக்குப்பாறை தாண்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம் போடும். பரணில் வருடக்கணக்கில் கிடந்த ஷூ வேறு ரகம்: பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், ஆனால் அடிப்பாகத்து நுரைப்பொருள் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்து, பாதி வழியில் வாயைப் பிளந்துவிடும். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே அதைப் போட்டு ஊருக்குள் நடந்து பாருங்கள். வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டவர்களைத் தடுக்க மாட்டேன். மதியப் பாறைச் சூட்டுக்கும் முள்ளுக்குமாகப் பஞ்சும் காஸ் துணியும் பையில் இருக்கட்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி அந்தத் துணியை நெய்தே பேரெடுத்த ஊர். பக்கத்திலேயே நெய்யும் பொருள் நம் பையில் இல்லாமல் போகலாமா?

உடையைப் பருவம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழைக்காலத்துக்கு அது சரியான கணக்கு. மாசி, பங்குனியில் காய்ந்த புல்லுக்கு நடுவே நடப்பதற்கு அதே கணக்கைப் போடாதீர்கள். செயற்கை இழை நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டும். 2018 மார்ச் 11 அன்று, இதே மலைத்தொடரில் தேனி மாவட்டக் குரங்கணியில், காட்டுத்தீ மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. கோடையில் முழுக்கைப் பருத்தி போடுங்கள். தீப்பெட்டியும் கற்பூரமும் காட்டுக்குள் வரவே வேண்டாம்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஏறுவதும் ஆபத்துதான். விருதுநகர் வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடும். 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழு 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அவசரத்தில் அரை பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிகுந்து கெடுதலாகும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை அடுத்தவர் பையில் கொடுத்து வைக்கவே கூடாது. இரண்டு நாளைக்கானது உங்கள் உடம்போடேயே இருக்கட்டும்.

2021 முதல் இந்த மலைப்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். யானையும் கரடியும் நடமாடும் காடு. செண்பகத்தோப்பானாலும் சதுரகிரியானாலும் அனுமதி, நேரம், வானிலை மூன்றையும் முந்தின நாள் விசாரியுங்கள். வாசலில் வனத்துறையினர் திருப்பி அனுப்பினால் மன்றாடாதீர்கள், சுற்றுவழி தேடாதீர்கள். அடுத்த பிரதோஷத்துக்கு வரலாம்; பை கட்டியபடியே இருக்கட்டும், டார்ச் பேட்டரியை மட்டும் கழற்றி வையுங்கள்.